செயல்விளக்கம் / ஆர்ப்பாட்டம்: மாணவர்களைக் காட்சிக்குத் தயாரிப்பதன் அரசியல்

'டெமான்ஸ்ட்ரேஷன்' என்கிற ஒரே ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் இரண்டு சொற்கள் வைத்திருக்கிறோம். ஒன்று செயல்விளக்கம், இன்னொன்று ஆர்ப்பாட்டம். முன்னது ஆய்வுக்கூடத்திலும், வேளாண்மைத் துறையின் மாதிரி வயலிலும், மிக்ஸி விற்க வருகிறவரின் மேசையிலும் நடக்கும். பின்னது தாலுகா ஆபீஸ் வாசலில் நடக்கும். அதற்குப் போலீஸ் அனுமதி வேண்டும். ஆங்கிலச் சொல்லின் லத்தீன் வேருக்குச் சுட்டிக்காட்டுதல் என்று பொருள். நாலு பேர் கூடியிருக்கிற இடத்தில் ஒன்றைச் சுட்டிக்காட்டி, 'பாருங்க, இதுதான் நெலம' என்று நிறுவுகிற காரியம் இரண்டுக்கும் பொது. தமிழில் இது இரண்டு சொல்லாகப் பிரிந்து கிடப்பதை ஒரு குறையாக நான் சொல்ல வரவில்லை. ஆனால் இந்தப் பிரிவினையைக் கல்வி நிறுவனங்கள் ரொம்பவும் சாமர்த்தியமாகக் கையாளுகின்றன. செயல்விளக்கத்துக்கு மாணவரைத் தயாரிக்கிறோம் என்ற பெயரில், அவரிடம் இருக்கிற ஆர்ப்பாட்டத்தின் கூறுகளைத் துடைத்தெடுக்கிற வேலை நடக்கிறது. இந்தத் துடைத்தெடுப்பு எப்படி நிகழ்கிறது, அதற்கு எதிராக வகுப்பறைக்குள் என்ன செய்ய முடியும் என்பதே இங்கே நான் பேச விரும்புவது.

பாலாற்றங்கரை ஊர் ஒன்றின் கல்லூரியில் விஸ்காம் சொல்லிக்கொடுக்கிறேன். கடைசிப் பருவத்தில் மாணவர்கள் செய்கிற பல்லூடகப் படைப்புகளை ஒரு நாள் பொதுமக்கள் பார்வைக்கு வைப்பது பல கல்லூரிகளில் இன்று சடங்காகிவிட்டது. குறும்படம், அனிமேஷன், கணினி விளையாட்டு, தொட்டால் பேசுகிற வரைபடம், ஒலிக்கதை என்று எல்லாம் இருக்கும். இதற்கு 'ஷோகேஸ்' என்று பெயர். நம் வீடுகளில் ஷோகேஸ் என்றால் என்னவென்று எல்லோருக்கும் தெரியும். ஹாலில் இருக்கிற கண்ணாடி அலமாரி. அதில் இருக்கிற பீங்கான் கோப்பையில் யாரும் டீ குடிக்க மாட்டார்கள். பொம்மையை எடுத்துக் குழந்தை விளையாடினால் அடி விழும். விருந்தாளி வரும்போது துடைத்து வைக்கப்படுகிற இடம் அது. பெயர் வைத்தவர்கள் யோசித்து வைத்ததாகத் தெரியவில்லை என்றாலும் பொருத்தமான பெயர்தான்.

விருந்தாளி வருவதற்கு முந்தைய பத்து நாட்களைப் பார்க்க வேண்டும். படைப்பு முடிந்ததோ இல்லையோ, 'பிரசன்டேஷன்' தொடங்கிவிடும். இரண்டு நிமிடத்துக்கு ஓர் ஆங்கில உரை எழுதப்படும். எழுதுகிறவர் பெரும்பாலும் ஆசிரியர். மாணவர் அதை மனப்பாடம் செய்வார். வலது கை திரையைக் காட்ட வேண்டும், இடது கை பின்னால் இருக்க வேண்டும், முதல் வரியில் வணக்கம், கடைசி வரியில் நன்றி. ஒவ்வொரு குழுவிலும் நன்றாக ஆங்கிலம் பேசுகிற ஒருவர் முன்னால் நிறுத்தப்படுவார். ராத்திரி முழுக்க எடிட்டிங் பார்த்த பையன், ஒலிப்பதிவுக்கு அலைந்த பெண், வீடு வீடாகப் போய்க் கதை கேட்டு வந்தவன் எல்லாரும் துணித் தடுப்புக்குப் பின்னால், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள். யார் முன்னால், யார் பின்னால் என்று யாரும் சாதி கேட்டுப் பிரிப்பதில்லை. ஆங்கிலம் கேட்டுப் பிரிக்கிறார்கள். பிரிந்து முடிந்த பிறகு பார்த்தால் இரண்டும் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கிறது.

இது நம் ஊர்க் கல்லூரிகளின் பிரத்தியேகக் கோளாறு என்று நினைத்துவிடக் கூடாது. செயல்விளக்கம் என்கிற வடிவத்துக்கே இப்படியொரு வரலாறு உண்டு. 1660இல் ராபர்ட் பாயில் தன் காற்றுப் பம்பைக் கொண்டு செய்த சோதனைகளை வெளியிட்டார். நவீன அறிவியலின் செயல்விளக்கம் அங்கிருந்து தொடங்குவதாகச் சொல்வது வழக்கம். ஸ்டீவன் ஷேப்பினும் சைமன் ஷாஃபரும் 1985இல் எழுதிய நூல் இந்தக் கதையாடலைக் கலைத்துப்போட்டது. சோதனை உண்மையாவதற்குச் சாட்சிகள் வேண்டியிருந்தது. சாட்சியாக இருக்கிற தகுதியோ வார்த்தைக்கு மதிப்புள்ள கனவான்களுக்கே இருந்தது. பம்பை இழுத்தவர்கள், கண்ணாடிக் கூண்டைப் பொருத்தியவர்கள், ஒழுகுகிற இடத்தை அடைத்தவர்கள் கூலிக்கு இருந்த உதவியாளர்கள். அவர்களும் அதே அறையில் அதே சோதனையைப் பார்த்தவர்கள்தான், ஆனால் சாட்சிகள் அல்ல. ஷேப்பின் பிறகு எழுதிய ஒரு கட்டுரையில் இன்னும் கூர்மையான ஒன்றைக் கவனப்படுத்துகிறார்: இந்த உதவியாளர்கள் பாயிலின் பிரதிக்குள் பெரும்பாலும் எப்போது தலைகாட்டுகிறார்கள் என்றால், ஏதாவது கோளாறு நடக்கும்போது. சோதனை வெற்றி பெற்றால் அது பாயில் செய்தது. கெட்டுப்போனால் அங்கே ஓர் ஆள் இருந்திருக்கிறான். நம் கூடத்தில் திடீரென்று திரை கறுத்துப்போகும்போது கேட்கிற குரல் ஞாபகம் வருகிறது: 'யார்ரா அங்க ஒயர புடுங்குனது?' அந்தப் பையனின் இருப்பு அன்றைக்கு முதன்முதலாக அறிவிக்கப்படுகிற தருணம் அதுதான்.

முன்னூறு ஆண்டுகள் கழித்தும் பெரிய மாற்றமில்லை. 1968 டிசம்பர் 9 அன்று சான் பிரான்சிஸ்கோவில் டக்ளஸ் எங்கல்பார்ட் கொடுத்த தொண்ணூறு நிமிடச் செயல்விளக்கம் பல்லூடகத்தின் ஆதிக்கதை. மவுஸ், திரையில் ஜன்னல்கள், ஓர் எழுத்திலிருந்து இன்னோர் எழுத்துக்குத் தாவுகிற இணைப்பு, தொலைவில் இருப்பவரின் முகத்தைப் பார்த்தபடி ஒரே ஆவணத்தில் சேர்ந்து வேலை செய்வது என எல்லாவற்றையும் அன்றைக்கு அவர் மேடையில் காட்டினார். இன்றுவரை பார்க்கக் கிடைக்கிற அந்தப் பதிவில் நாம் காண்பது அமைதியாகப் பேசுகிற ஒரு மனிதரின் முகம். சுமார் முப்பது மைல் தள்ளி மென்லோ பார்க்கில் ஆய்வகத்திலிருந்து படத்தையும் தரவையும் அனுப்பிக்கொண்டிருந்தவர்கள், அரங்கின் பின்னால் உட்கார்ந்து எந்தக் கணத்தில் எந்தப் படம் திரைக்கு வர வேண்டும் என்று ஓட்டிக்கொண்டிருந்த பில் இங்கிலிஷ் ஆகியோரை அந்தத் துறைக்காரர்களைத் தவிர யாருக்குத் தெரியும்? இத்தனைக்கும் எங்கல்பார்ட் காட்ட விரும்பியதே கூட்டு அறிவைத்தான். கூட்டாக வேலை செய்வதைப் பற்றிய ஒரு காட்சி, காட்சி என்கிற வடிவத்தின் நிர்ப்பந்தத்தால் ஒற்றை மனிதரின் சாகசமாகத் திரிந்துபோனது கவனத்திற்குரியது. பிற்பாடு எம்.ஐ.டி.யின் மீடியா லேபில் 'டெமோ காட்டு, இல்லாட்டி செத்துப்போ' என்று பொருள்படும் ஒரு வாசகமே வழக்கில் இருந்தது. வேடிக்கைக்குச் சொன்னார்கள் என்பார்கள். நிதி கொடுக்கிற கம்பெனிக்காரர் வருகிற நாளில் ஆய்வு மாணவருக்கு அது வேடிக்கையாக இருந்திருக்காது.

இதுவரை சொன்னது, செய்பவர் மறைக்கப்படுவது பற்றி. இதற்கு மறுபக்கம் இன்னும் மோசமானது: செய்பவரையே காட்சிப்பொருளாக நிறுத்துவது. 1886இல் லண்டன் சவுத் கென்சிங்டனில் காலனி மற்றும் இந்தியப் பொருட்காட்சி நடந்தது. அதில் 30க்கும் மேற்பட்ட இந்தியக் கைவினைஞர்கள் உட்கார்த்தி வைக்கப்பட்டிருந்தார்கள். நெசவாளர், குயவர், செதுக்குத் தொழிலாளர் என்று பல தொழில்காரர்கள். பார்வையாளர்களுக்கு அவர்கள் காலகாலமாகத் தம் கிராமத்தில் தொழில் செய்துவருகிற மாறாத இந்தியாவின் பிரதிநிதிகள். உண்மையில் அவர்களில் பலர் ஆக்ரா சிறையில் தொழில் பழக்கப்பட்டவர்கள். விக்டோரியா ராணி அவர்களைப் பார்த்தார், ருடால்ஃப் ஸ்வோபோடா என்கிற ஓவியரைக் கொண்டு அவர்களில் சிலரை வரையச் செய்தார். வேலை செய்கிற கையும் முகமும் தெரிந்தன. அவர்கள் எங்கிருந்து, எப்படிக் கொண்டுவரப்பட்டார்கள் என்பது தெரியவில்லை. அதாவது ஒருவரைப் புலப்படுத்துவதாலேயே அவருக்குக் குரல் கிடைத்துவிடுவதில்லை. பூக்கோ தேர்வு என்கிற நிகழ்வைப் பற்றிச் சொல்வதும் இதுதான்: பார்க்கிறவர் மறைந்திருக்க, பார்க்கப்படுகிறவர் முழு வெளிச்சத்தில் ஓர் 'உதாரணமாக', கோப்பில் ஏறுகிற ஒரு தனியாளாக ஆக்கப்படுகிறார். மதிப்பெண் தாளோடு வருகிற நடுவர், செல்போனோடு வருகிற பத்திரிகைக்காரர், பொன்னாடையோடு வருகிற சிறப்பு விருந்தினர் யாரும் தங்களைப் பற்றி எதுவும் சொல்ல வேண்டியதில்லை. மாணவர் மட்டும் தன் ஊர், தன் குடும்பம், தன் கஷ்டம், தன் 'பேஷன்' எல்லாவற்றையும் சொல்ல வேண்டும்.

பல்லூடகப் படைப்புக்கு இந்தப் பிரச்சினை ஏன் கூடுதலாக இருக்கிறது என்பதற்கு ஒரு காரணம் உண்டு. கவிதை எழுதுகிற மாணவனை ஆண்டுவிழாவில் பேசவிடாவிட்டாலும் கவிதை நோட்டில் இருக்கும். பல்லூடகம் அப்படி இல்லை, அற்பாயுசு. தொண்ணூறுகளின் கடைசியில் தமிழில் செய்யப்பட்ட குறுந்தகடுகள் ஒவ்வொன்றும் தனக்கென்று ஓர் எழுத்துருக் குறியீட்டை வைத்திருந்தன. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் தமிழ் வராது, பூச்சி பூச்சியாக ஏதோ வரும். 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாடு விசைப்பலகையையும் குறியீட்டையும் தரப்படுத்த முயன்றது, பிறகு யூனிகோடு பரவியது. அதற்கு முந்திய வேலைகள் பலவற்றைத் திறக்கவே முடியாது. ஃபிளாஷில் செய்யப்பட்டவற்றின் கதி இன்னும் மோசம். அடோபி நிறுவனம் 2020 டிசம்பர் 31ஓடு அதற்கான ஆதரவை நிறுத்திக்கொண்டது. எத்தனையோ மாணவர்கள் இரவு பகலாக உருவாக்கிய விளையாட்டுகளும் பாடங்களும் அத்தோடு மூச்சடங்கின. ஆக, ஒரு மாணவப் படைப்புக்குக் காட்சி நாள் மட்டுமே ஆயுள். அன்றைக்குச் சொல்ல விடாமல் தடுத்த எதுவும் பிறகு எங்கும் சொல்லப்படப் போவதில்லை.

ஒரு நண்பர் இதையெல்லாம் கேட்டுவிட்டுக் கோபப்பட்டார். 'முதல் தலைமுறையா காலேஜுக்கு வர்ற பசங்க. அவங்களுக்கு ஒரு கோட்டு, நாலு வரி இங்கிலீஷு, நிமிந்து நிக்கிற தைரியம் இதெல்லாம் குடுக்கிறத நீங்க பூக்கோவ வச்சு கிண்டல் பண்றீங்க. உங்க பிள்ளைக்கு இதெல்லாம் வேணாம்னு சொல்வீங்களா?' என்றார். நியாயமான கேள்வி. கோட்டின் அரசியல் எனக்குத் தெரியாததல்ல. அம்பேத்கரின் கோட்டு ஏன் சிலைகளில் அத்தனை அழுத்தமாகச் செதுக்கப்படுகிறது என்பதை மறந்துவிட்டு 'எளிமை' பேசுவது மேல்சாதிக் குணம். கோட்டுப் போடுவதில் எனக்கு மறுப்பில்லை. வாடகைக்கு எடுத்த கோட்டைச் சாயங்காலம் திருப்பிக் கொடுக்கும்போது கூடவே அந்த ஆங்கிலத்தையும் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்களே, அதுதான் பிரச்சினை. மனப்பாடம் செய்த உரை இரண்டாம் கேள்வியைத் தாங்காது. நடுவர் 'இந்த இடத்துல ஏன் மஞ்சள் கலர்?' என்று கேட்டதும் மாணவர் திரும்ப முதல் வரியிலிருந்து ஆரம்பிப்பதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். நிமிர்ந்து நிற்கிற தைரியம் என்று நண்பர் சொன்னது அந்த இடத்தில் உடைகிறது. ஒப்பிக்கப் பழக்குவதும் பதில் சொல்லப் பழக்குவதும் வேறுவேறு. ஆங்கிலமும் சொல்லிக்கொடுக்கத்தான் வேண்டும். சண்டை போடுகிற அளவுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடு 1993 தொடங்கி நடந்துவருகிறது. அதில் குழந்தைகள் தம் ஊரின் ஒரு பிரச்சினையைக் குழுவாக ஆய்ந்து, தம் தாய்மொழியிலேயே முன்வைக்க முடியும். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் தங்கள் தெருக் குழாயைப் பற்றித் தமிழில் அவ்வளவு திடமாகப் பேசுகிறார்கள். அதே பிள்ளைகள் கல்லூரிக்கு வந்ததும் வாய் கட்டப்பட்டு நிற்பதற்குக் காரணம் அவர்களிடம் இல்லை.

வகுப்பில் நாங்கள் செய்துபார்க்கிறவற்றைச் சொல்கிறேன். இவை சூத்திரங்கள் அல்ல. சில சமயம் சொதப்பியும் இருக்கின்றன.

உரை ஒத்திகையை நிறுத்திவிட்டு, ஒருவர் படைப்பை இன்னொருவர் விளக்குகிற ஒத்திகை வைத்தோம. செய்தவர் பக்கத்திலேயே நிற்க வேண்டும், வாயைத் திறக்கக் கூடாது. விளக்குகிறவர் எங்கே தடுமாறுகிறாரோ அங்கே படைப்பு பேசவில்லை என்று அர்த்தம். பொத்தான் எங்கே இருக்கிறதென்று தெரியவில்லையா, கதை எங்கே தொடங்குகிறதென்று புரியவில்லையா, அதைப் படைப்பில்தான் சரிசெய்ய வேண்டும், உரையில் அல்ல. செய்தவருக்கு இந்த மௌனம் பெரிய வாதை. ஆனால் தன் வேலையை வெளியாளின் கண்ணால் பார்ப்பது அப்போதுதான் நேர்கிறது. பாவ்லோ ஃப்ரெய்ரே 1960களில் பிரேசிலில் எழுத்தறிவு வட்டங்களில் படங்களைக் காட்டியபோது, காட்டியவர் விளக்கவில்லை. பார்த்தவர்கள்தான் பேசினார்கள், அவர்கள் பேசியதிலிருந்தே பாடம் தொடங்கியது. நம் அறிவொளிக் காலத்து நண்பர்களுக்கு இது புதிதல்ல. காட்டுகிறவரே விளக்கவும் வேண்டும் என்பது இயற்கை விதி அல்ல.

இன்னொன்று கரண்ட் கட் ஒத்திகை. பாதியில் மெயின் ஸ்விட்சை அணைத்துவிடுவோம். திரை போனது, ஒலி போனது. இப்போது சொல். முதல் தடவை எல்லோரும் சிரிப்பார்கள். இரண்டாம் தடவை ஒருவன் காகிதத்தில் வரைந்து காட்டுவான், ஒருத்தி அந்தக் குரலைத் தானே பேசிக் காட்டுவாள். இயந்திரம் தங்களிடமிருந்து வேறானது என்று அவர்களுக்குத் தெரிகிறது. இது தத்துவம் மட்டுமல்ல, நடைமுறையும்கூட. வெளிக் கணினியில் எழுத்துரு இருக்காது என்று எழுத்தையே படமாக மாற்றி வைப்பது, படைப்பை இரண்டு பென்டிரைவில் எடுத்துப்போவது, இணையத்தை நம்பாமல் எல்லாவற்றையும் கணினியிலேயே ஏற்றி வைப்பது, நூறு பேர் பேசுகிற கூடத்தில் ஒலிபெருக்கி பயன்படாது என்று ஹெட்போன் வைப்பது ஆகியவற்றைத் துணித் தடுப்புக்குப் பின்னால் இருக்கிற பையன்தான் நன்றாக அறிவான். அதனால் அரைமணிக்கு ஒருமுறை முன்னாலிருப்பவர் பின்னால் போக வேண்டும், பின்னாலிருப்பவர் முன்னால் வர வேண்டும் என்று வைத்தோம். நிர்வாகத்துக்கு இது பிடிக்கவில்லை. 'கெஸ்ட் வர்ற நேரத்துல மட்டும் அந்தப் பொண்ணே நிக்கட்டுமே' என்றார்கள்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். செயற்கை நுண்ணறிவில் படமும் குரலும் தட்டினால் வந்துவிடுகிற இந்நாளில் நடுவர்களின் முதல் கேள்வியே மாறிவிட்டது: 'இது நீ பண்ணுனதா, அது பண்ணுனதா?' மூன்று மாதம் கையால் வரைந்து அனிமேஷன் செய்தவனும் குற்றவாளி மாதிரி நின்று தன் கையை நிரூபிக்க வேண்டியிருக்கிறது. மறைக்கப்பட்ட கைகளின் வரலாற்றில் இது ஒரு புதுத் திருப்பம். அழித்துத் திருத்திய படங்களையும், வீணாய்ப்போன ஒலிப்பதிவுகளையும், எல்லாக் கைகளின் பெயர்களையும் (வண்டி ஓட்டியவர், போன் கொடுத்தவர், கதை சொன்னவர் உட்பட) மேசைமேல் வைக்கச் சொல்கிறேன். கண்ணாடி அலமாரிக்குள் அடுப்புக்கரி ஏறுகிற மாதிரி இருக்கும். இருக்கட்டும்.

இப்போது ஒரு குறிப்பிட்ட படைப்பைப் பற்றி. எங்கள் வட்டாரம் தோல் தொழிலுக்குப் பேர்போனது. டேனரிக் கழிவு பாலாற்றை என்ன செய்தது என்பது 1996இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பாகவே வந்தது. தோலைப் பற்றி மாணவர்கள் படம் எடுப்பது புதிதல்ல. நுரைத்த தண்ணீரையும் செத்த மீனையும் காட்டுவார்கள். மூன்றாமாண்டு மாணவி ஒருவர் வேறு மாதிரி செய்தார். அவருடைய அம்மா ஷூ கம்பெனியில் தைக்கிறவர். பழைய கீபோர்டு ஒன்றைப் பிரித்து, அதன் சர்க்யூட்டிலிருந்து எட்டு ஒயர்களை இழுத்து, எட்டுத் தோல் துண்டுகளுக்கு அடியில் பொருத்தியிருந்தார். ஒரு துண்டை அழுத்தினால் ஒரு குரல். விடியக்காலை எழுந்து சமைப்பது, கம்பெனி வேன், டார்கெட், பாத்ரூம் போக அனுமதி கேட்பது, கண் எரிச்சல், சீட்டுப் பணம். முகம் எங்கும் கிடையாது. திரையில் கைகள் மட்டும் தைத்துக்கொண்டே இருக்கும்.

ஒத்திகை பார்க்க வந்த குழு பாராட்டியது. பிறகு ஓர் ஆலோசனை சொன்னது. 'உங்கம்மாவக் கூட்டிட்டு வாம்மா. ஸ்டால்ல பக்கத்துல நிக்கட்டும். நல்ல இம்பாக்ட் இருக்கும்.' அந்தப் பெண் கொஞ்சமும் தயங்காமல் சொன்னார்: 'அன்னைக்கு எங்கம்மாவுக்கு லீவு கிடையாது சார்.' கம்பெனிக்குக் கடிதம் கொடுத்தால் லீவு தருவார்கள் என்று ஒருவர் உற்சாகமாகச் சொன்னார். 'கம்பெனி பேரு வரக்கூடாதுன்னுதான சார் மூஞ்சியே எடுக்கல.' அதற்கு மேல் பேச்சில்லை. 1886இன் லண்டனுக்கும் எங்கள் செமினார் ஹாலுக்கும் இடையில் இருக்கிற தூரம் அவ்வளவுதான். ஆலோசனை சொன்னவர்கள் கெட்டவர்கள் இல்லை, அந்தப் பெண்மேல் அக்கறை உள்ளவர்கள். ஏழைத் தாயை மேடையேற்றினால் கைதட்டல் விழும் என்பது நம் பொதுப்புத்தியில் அத்தனை ஆழமாக இருக்கிறது. ஒரு நாள் கூலி போவது யாருக்கும் தோன்றவில்லை.

காட்சிக்கு முன்பு இரண்டாவது ஒரு காட்சி வைத்தோம். சரியாகச் சொன்னால் அதுதான் முதல் காட்சி. கனடாவின் ஃபோகோ தீவில் 1967இல் செய்ததை ஒட்டி இதை வகுப்பில் ஒரு நிபந்தனையாகவே வைத்திருக்கிறேன். அங்கே மீனவ மக்களை வேறிடத்துக்குப் பெயர்க்கிற பேச்சு இருந்தது. தேசியத் திரைப்பட வாரியத்தின் கோலின் லோ, அங்குள்ள பல்கலைக்கழகத்தின் விரிவாக்கத் துறையோடு சேர்ந்து, அந்த மக்கள் பேசுவதைச் சின்னச் சின்னப் படங்களாக எடுத்தார். எடுத்ததை முதலில் அவர்களுக்கே போட்டுக் காட்டினார்கள். வேண்டாம் என்பதை நீக்கச் சொல்லும் உரிமை அவர்களுக்கு இருந்தது. அதற்குப் பிறகே அரசாங்கத்தாருக்குக் காட்டினார்கள். தீவுக்காரர்கள் கூட்டுறவுச் சங்கம் அமைத்து அங்கேயே தங்கினார்கள். படத்தால்தான் தங்கினார்கள் என்று சொல்வது மிகை. ஆனால் தங்கள் முகத்தைத் தாங்கள் முதலில் பார்த்தார்கள் என்பது உண்மை.

அந்த மாணவி தன் தெருவில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு திண்ணையில் லாப்டாப்பையும் தோல் துண்டுகளையும் பரப்பி வைத்தார். குரல் கொடுத்த பெண்கள் வந்து அழுத்திப் பார்த்தார்கள். சிரிப்பு, கிண்டல், 'ஐயையோ என் குரலா இது?' எட்டாவது துண்டை அழுத்திக் கேட்ட ஒரு பெண் மட்டும் முகம் மாறினார். 'பேரு போடலன்னா என்ன? என் இருமல வச்சே சூப்பர்வைசர் கண்டுபுடிச்சிருவான். எடுத்துரு பாப்பா.' எடுத்தாயிற்று. படைப்பிலேயே வலுவான குரல் அது. எனக்கு மனசே இல்லை. ஆனால் அது என்னுடையதும் இல்லை, மாணவியுடையதும் இல்லை. தோல் துண்டை எடுக்காமல் குரலை மட்டும் எடுத்துவிடலாம் என்பது மாணவியின் முடிவு.

காட்சி நாளில் நடுவர் எட்டாவது துண்டை அழுத்தினார். ஒன்றும் வரவில்லை. 'இது ஒர்க் ஆகலையே' என்றார். 'ஒர்க் ஆகுது சார். இதுல பேசினவங்க வேணாம்னுட்டாங்க' என்றார் மாணவி. நடுவர் தலையாட்டிவிட்டுத் தாளில் எழுதினார். தொழில்நுட்பம் என்ற கட்டத்தில் மதிப்பெண் குறைந்திருந்ததைப் பிறகு பார்த்தோம். அந்தத் தாளில் கற்பனைத்திறன், தொழில்நுட்பம், தொடர்புத்திறன், தோற்றம் என்று கட்டங்கள் இருந்தன. ஒரு மௌனத்தைக் காப்பாற்றியதற்குக் கட்டம் இல்லை. இப்போது எங்கள் துறைத் தாளில், யாரைப் பற்றிய படைப்போ அவர்கள் முதலில் பார்த்தார்களா, என்ன சொன்னார்கள், அதனால் என்ன மாறியது என்று ஒரு கட்டத்தைச் சேர்த்திருக்கிறோம். வெளி நடுவர்கள் பலர் அதை நிரப்பாமலே கொடுத்துவிடுகிறார்கள்.

எங்கள் பக்கத்துக் கூத்தில் கட்டியங்காரன் என்று ஒருவர் உண்டு. ராஜா வருவதை அறிவிக்கிறவர் அவர்தான். திரைக்குப் பின்னால் நிற்கிற ராஜாவைப் பார்த்து 'நீ யாருய்யா, எந்த ஊரு?' என்று கேட்கிறவரும் அவர்தான். பாட்டில் வருவதைப் பேச்சில் உடைத்துச் சொல்வார், நடுவில் பஞ்சாயத்துத் தலைவரை வாருவார், கூட்டத்தில் தூங்குகிறவனை எழுப்புவார். விளக்கமும் ஆர்ப்பாட்டமும் பிரியாத ஓர் உடல் அது. மாணவர்களை அரசவையில் கட்டியம் கூறுகிறவர்களாக நாம் தயாரிக்கிறோம். கட்டியங்காரனாகத் தயாரிக்க என்ன தடை? தடை மாணவரிடம் இல்லை. பார்க்க வருகிறவர்களுக்கு ஒத்திகை வைக்க யாருக்கும் தோன்றுவதில்லை என்பதே தடை.

ஆகவே அதே காட்சியின் வாசலில் ஒரு துண்டுச் சீட்டு கொடுத்தோம். 'இங்கே படைப்புகளைச் செய்தவர்கள் உங்களிடமும் கேள்வி கேட்பார்கள். பதில் சொல்ல விருப்பமில்லை என்றால் அப்படியே சொல்லலாம். பதில்கள் படைப்போடு சேர்த்து வைக்கப்படும்' என்று அதில் இருந்தது. சிலர் சிரித்துவிட்டுக் கீழே போட்டார்கள். ஒரு பெரியவர் அதைப் படித்துவிட்டு உள்ளே வராமலே போய்விட்டார். சிறப்பு விருந்தினர் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். தோல் துண்டுகளுக்கு முன்னால் அவர் வந்து நின்று, இரண்டு குரல்களைக் கேட்டு, 'வெரி குட்' என்று நகரப் போனபோது மாணவி கேட்டார்: 'சார், நீங்க போட்டிருக்கிற ஷூ எங்க தச்சது?' அவர் குனிந்து பார்த்தார். 'தெரியலையேம்மா' என்றார். மாணவி அதை நோட்டில், தேதி போட்டு, எழுதி வைத்துக்கொண்டார். அந்த நோட்டில் அன்றைக்கு அறுபத்திரண்டு பதில்கள் சேர்ந்திருந்தன. பதினொரு பேர் மட்டும் ஷூவைக் கழற்றி உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்திருந்தார்கள்.